கால்சியம் ஏறவே மாட்டேன் என்கிறது: ரீஃப் டேங்கில் எங்கே தேடுவது?

கேள்வி இதுதான்: 200 லிட்டர் ரீஃப் டேங்க் (பவளம் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டி), வயது ஒன்பது மாதம். கால்சியம் 350 பிபிஎம் (லிட்டருக்கு 350 மில்லிகிராம்). தினமும் கால்சியம் கரைசல் ஊற்றியும் மூன்று வாரமாக அசையவில்லை. ஆல்கலினிட்டி (தண்ணீரில் உள்ள கார்பனேட், பைகார்பனேட்டின் அளவு) 12.5 டிகேஎச் (அதை அளக்கும் அலகு). பிஎச் 7.9-ஐத் தாண்டாததால் பஃபர் பொடியும் தினமும் போகிறது. அடர்த்தி 1.023. மக்னீசியம் இதுவரை பார்த்ததில்லை. ஹீட்டர் மேல் வெள்ளையாக ஏதோ படிகிறது, மணல் கட்டி கட்டியாக இறுகுகிறது. கால்சியம் கரைசலை இரட்டிப்பாக்கலாமா?

வேண்டாம். கால்சியம், பஃபர் இரண்டையும் இன்றைக்கே நிறுத்துங்கள். உங்கள் சந்தேகத்துக்கு விடை உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. ஹீட்டர் மேல் படிந்திருக்கும் அந்த வெள்ளைதான் நீங்கள் மூன்று வாரமாக ஊற்றிய கால்சியம். நம்பிக்கை வராவிட்டால் கொஞ்சம் சுரண்டி எடுத்து ஒரு தட்டில் வைத்து அதன் மேல் இரண்டு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் அது கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல். பவளத்துக்குப் போக வேண்டியது ஹீட்டருக்கும் மணலுக்கும் போய்க்கொண்டிருக்கிறது.

ஏன் அப்படி என்று புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் கணக்குதான். சாதாரணக் கடல்நீரில் கால்சியம் 410 முதல் 420 பிபிஎம் வரை, மக்னீசியம் 1290 பிபிஎம் அளவில், ஆல்கலினிட்டி 6.5 முதல் 7 டிகேஎச் வரை இருக்கும். இந்த அளவிலேயே கடல்நீர் கால்சியம் கார்பனேட்டை அளவுக்கு மிஞ்சித்தான் சுமந்துகொண்டிருக்கிறது. ஏதாவது சாக்கு கிடைத்தால் இறக்கி வைத்துவிடும். பவளங்களுக்கு ஓடு கட்டுவது சுலபமாக இருப்பதும் அதனால்தான். நாம் கால்சியத்தையோ ஆல்கலினிட்டியையோ பிஎச்சையோ மேலே தள்ளத் தள்ள அந்தச் சுமை கூடுகிறது. ஒரு கட்டத்தில் தண்ணீர் தானாகவே இறக்க ஆரம்பிக்கும். முதலில் சூடான இடத்தில்தான் இறக்கும், ஏனென்றால் இந்தப் பொருள் சூட்டில் இன்னும் குறைவாகத்தான் கரையும். ஹீட்டர்தான் முதல் பலி, அடுத்தது பம்புக்குள் சுழலும் பகுதி.

இப்போது உங்கள் டேங்கில் நடப்பதைப் பாருங்கள். பிஎச் குறைவு என்று பஃபர் போடுகிறீர்கள். பஃபர் என்பது பெரும்பாலும் கார்பனேட்டும் பைகார்பனேட்டும்தான், அதாவது ஆல்கலினிட்டி. பிஎச் ஒரு மணி நேரம் ஏறி இறங்கிவிடுகிறது, ஆல்கலினிட்டி மட்டும் தங்கிவிடுகிறது. 12.5-க்கு ஏறிய ஆல்கலினிட்டி கால்சியத்தை இழுத்துக்கொண்டு கல்லாகிறது. கால்சியம் குறைந்ததைப் பார்த்து நீங்கள் கால்சியம் ஊற்றுகிறீர்கள். அது ஆல்கலினிட்டியை இழுத்துக்கொண்டு கல்லாகிறது. மறுபடி பஃபர். இந்தச் செக்கைச் சுற்றாதவர்கள் இந்தப் பொழுதுபோக்கில் குறைவு. நானும் முதல் டேங்கில் நாலு மாதம் சுற்றினேன்.

அந்த 7.9 உண்மையில் கவலைப்பட வேண்டிய எண்ணே அல்ல. 7.8 முதல் 8.4 வரை எங்கே நின்றாலும் பவளம் வாழும். மூடிய அறையில் மனிதர்கள் விடும் கார்பன் டை ஆக்சைடு தண்ணீரில் கரைந்து பிஎச்சை இறக்குகிறது. அதற்கு மருந்து பொடியில் இல்லை, ஜன்னலில் இருக்கிறது. ஒரு நாள் முழுக்க ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு மாலையில் அளந்து பாருங்கள். ஏறியிருந்தால் காரணம் அறைக் காற்றுதான். அப்புறம் ஸ்கிம்மரின் (நுரையால் கழிவை அகற்றும் கருவி) காற்றுக் குழாயை வெளியே நீட்டிவிட்டால் போதும்.

அடுத்தது 1.023. பலரும் கண்ணைத் திருப்பிக்கொள்ளும் இடம் இது. கடல்நீரின் உப்பளவு 35 (கிலோவுக்கு 35 கிராம் உப்பு) என்றால் அடர்த்தி 1.026-ஐ ஒட்டி வரும். 1.023 என்றால் உப்பளவு 30.5 சொச்சம். உப்பு குறைந்தால் அதில் உள்ள எல்லாமே அதே விகிதத்தில் குறையும். அசல் கடல்நீரையே எடுத்து நல்ல தண்ணீர் கலந்து 1.023-க்கு இறக்கினால் அதில் கால்சியம் 360 அளவில்தான் இருக்கும். உங்களுடையது 350. ஆக, நீங்கள் மூன்று வாரமாகத் துரத்திய 70 பிபிஎம் குறையில் பெரும்பங்கு கால்சியம் குறையே இல்லை, உப்புக் குறை.

ஆனால் அந்த 1.023-ஐயும் உடனே நம்பிவிடாதீர்கள். ஊசி ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர் என்றால், ஊசியில் ஒரு காற்றுக் குமிழி ஒட்டினாலே கூட்டிக் காட்டும், உப்பு படிந்தால் குறைத்துக் காட்டும். ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளி வளைவதை வைத்து உப்பளவு காட்டும் கருவி) என்றால் 35 உப்பளவுள்ள சோதனைக் கரைசலை வைத்துச் சரிபாருங்கள். வெறும் தண்ணீரில் சுழியம் காட்டுகிறது என்பதற்காகக் கடல்நீரிலும் சரியாகக் காட்டும் என்று சொல்ல முடியாது. அந்தச் சோதனைக் கரைசல் ஒரு புட்டி வீட்டில் இருப்பது பாதிக் குழப்பத்தைத் தவிர்க்கும்.

மூன்றாவது, நீங்கள் அளக்காத மக்னீசியம். பவளத்துக்கு இது கொஞ்சம்தான் தேவை, தண்ணீருக்குத்தான் அதிகம் தேவை. கால்சியம் கார்பனேட் படிகம் ஒன்று எங்காவது முளைவிட்டால், மக்னீசியம் அதன் மேற்பரப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். அளவு பொருந்தாத செங்கல்லை இடையில் வைத்துக் கட்டிய சுவர் போல, அடுத்த வரிசை சரியாக உட்காராது, படிகம் வளராமல் நின்றுவிடும். மக்னீசியம் குறைந்தால் இந்தக் காவல் தளர்கிறது. அப்போது எவ்வளவு கால்சியம் ஊற்றினாலும் ஓட்டைப் பானைதான். 1250 முதல் 1350 வரை வைத்துக்கொள்ளுங்கள். 1.023-ஐயும் மக்னீசியத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும், ஏனென்றால் உப்பு குறைவாக இருக்கும்போது மக்னீசியமும் 1120 பக்கம்தான் நிற்கும்.

சரி, என்ன செய்வது? மணலும் பாறையும் போக உங்கள் டேங்கில் தண்ணீர் 170 லிட்டர் இருக்கும் என்று வைத்துக் கணக்குப் போடுகிறேன். கண்ணாடித் தொட்டியின் அளவை வைத்து மருந்து போடாதீர்கள், தண்ணீரின் அளவை வைத்துப் போடுங்கள்.

முதலில் உப்பு. ஆவியாகும் தண்ணீருக்குப் பதிலாக நல்ல தண்ணீர் விடுவதை நிறுத்தி, 35 உப்பளவில் கலக்கிய உப்புநீரை விடுங்கள். 30.5-இலிருந்து 35-க்குப் போக ஏறக்குறைய 22 லிட்டர் வேண்டும். தினமும் மூன்று லிட்டர் ஆவியானால் ஒரு வாரத்தில் முடிந்துவிடும், மீன்களும் பவளங்களும் அதிர்ச்சியில்லாமல் பழகிக்கொள்ளும். நல்ல உப்பாக இருந்தால் இந்த ஒரு வேலையே கால்சியத்தை 50 பிபிஎம் சொச்சமும் மக்னீசியத்தை 160 சொச்சமும் தூக்கிவிடும். கால்சியம் புட்டியைத் தொடாமலேயே 400.

அந்த வாரத்திலும் அடுத்த வாரத்திலும் பஃபர் போடாமல் இருந்தால் ஆல்கலினிட்டி தானாக இறங்கும். அதை 8.5, 9-க்கு வர விடுங்கள். இறங்கும்போது தன்னுடன் கொஞ்சம் கால்சியத்தையும் கூட்டிக்கொண்டு போகும். எவ்வளவு என்பதற்கு ஒரு நிலையான விகிதம் உண்டு. ஓடு கட்டினாலும் சரி, ஹீட்டரில் படிந்தாலும் சரி, 1 டிகேஎச் ஆல்கலினிட்டி போகும்போது கால்சியம் 7 பிபிஎம் போகும். 12.5-இலிருந்து 9-க்கு வந்தால் 25 பிபிஎம். ஆக 380 பக்கம் வந்து நிற்பீர்கள்.

மக்னீசியத்தை அப்போது அளங்கள். 1200-க்குக் கீழே இருந்தால் கால்சியத்துக்கு முன் அதை ஏற்றுங்கள். மக்னீசியம் குளோரைடு ஹெக்சாஹைட்ரேட்டில் எட்டில் ஒரு பங்குதான் மக்னீசியம், அதனால் 170 லிட்டரில் 100 பிபிஎம் ஏற்ற 140 கிராம் பிடிக்கும். அளவைப் பார்த்துப் பயப்படாதீர்கள், ஆனால் ஒரே நாளில் கொட்டாமல் இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகுதான் கால்சியம். 380-இலிருந்து 420-க்கு 40 பிபிஎம். லிட்டருக்கு 40 மில்லிகிராம், 170 லிட்டருக்கு 6.8 கிராம் கால்சியம். கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட்டில் கால்சியம் 27 சதவீதம், எனவே 25 கிராம். நீர் நீக்கிய வகை என்றால் 19 கிராம் போதும். புட்டியில் எந்த வகை என்று பார்க்காமல் அளந்தால் மூன்றில் ஒரு பங்கு தப்பு வந்துவிடும். இரண்டு நாளாகப் பிரித்து, ஆர்ஓ தண்ணீரில் கரைத்து, நீரோட்டம் வேகமாக உள்ள இடத்தில் மெதுவாக விடுங்கள். கரைக்கும்போது குவளை கைக்குச் சூடாக இருக்கும், அது இயல்பு. ஆறவிட்டு ஊற்றுங்கள். பைகார்பனேட் கரைக்கும்போது நேர்மாறாகக் குவளை குளிர்ந்துபோகும். இரண்டு புட்டியிலும் பெயர் எழுதாமல் மறந்துவிட்டு, கரைத்துப் பார்த்துக் கையால் தொட்டு எது எது என்று கண்டுபிடித்த நாள் எனக்கு உண்டு. நீங்கள் பெயர் எழுதிவையுங்கள்.

இவ்வளவும் ஒருமுறை செய்யும் திருத்தம். தினசரிப் பராமரிப்பு வேறு விஷயம், அதில் நான் கால்சியத்தைப் பார்ப்பதே அபூர்வம். காரணம் சொல்கிறேன். கால்சியம் குதிருக்குள் இருக்கும் நெல் மாதிரி, ஆல்கலினிட்டி சட்டைப் பையில் இருக்கும் சில்லறை மாதிரி. நாலு நாள் எதுவும் போடாமல் விட்டு ஆல்கலினிட்டி 9-இலிருந்து 5-க்கு விழுந்தால் பவளங்கள் வாடிவிடும். ஆனால் அதே நாலு நாளில் கால்சியம் 420-இலிருந்து 392-க்குத்தான் வந்திருக்கும். நம் வீட்டு டெஸ்ட் கிட்டில் 10, 20 பிபிஎம் பிழை சாதாரணம். குதிரில் நெல் குறைந்ததா என்று எட்டிப் பார்ப்பதைவிடச் சில்லறையை எண்ணுவது எளிது, துல்லியமும் கூட. இரண்டும் ஒரே விகிதத்தில் செலவாவதால் சில்லறைக் கணக்கே நெல் கணக்கையும் சொல்லிவிடும்.

எப்படி எண்ணுவது? எதுவும் போடாமல் மூன்று நாள் விட்டு, முதல் நாளும் கடைசி நாளும் ஒரே நேரத்தில் ஆல்கலினிட்டியை அளங்கள். திங்கள் மாலை 8.8, வியாழன் மாலை 7.3 என்று வந்தால் மூன்று நாளில் 1.5, நாளொன்றுக்கு 0.5. உங்கள் 170 லிட்டருக்கு அதை ஈடுகட்ட 2.5 கிராம் சோடியம் பைகார்பனேட்டும் 2.2 கிராம் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட்டும் தினமும் வேண்டும். அவ்வளவுதான். இதைத்தான் டூ-பார்ட் என்கிறார்கள். இரண்டு புட்டி, சம விகிதம். சம்ப்பில் (டேங்கோடு இணைந்த துணைத் தொட்டி) ஒன்றை விட்டுப் பத்து நிமிடமாவது கழித்து அடுத்ததை விடுங்கள். இரண்டும் செறிவாகச் சந்தித்தால் கண்ணெதிரே பால் போல் திரிந்துவிடும். சமையல் சோடாவையே பயன்படுத்தலாம், பேக்கிங் பவுடரை மட்டும் எடுத்துவிடாதீர்கள், அதில் அமிலமும் பெரும்பாலும் பாஸ்பேட்டும் சேர்ந்திருக்கும். கால்சியம் குளோரைடும் உணவுத் தரமாக இருக்கட்டும். அலமாரியில் ஈரம் உறிஞ்ச வைப்பதும் அதேதானே என்று கேட்பார்கள். பெயர் அதேதான், சுத்தம் அதே இல்லை.

டூ-பார்ட்டில் ஒரு பின்விளைவு உண்டு. கால்சியமும் கார்பனேட்டும் பவளத்துக்குப் போனபின் மிச்சமிருக்கும் சோடியமும் குளோரைடும் சேர்ந்து சாதாரண உப்பாகத் தங்கும். அடர்த்தி மெல்ல மெல்ல ஏறும். மாதம் ஒருமுறையாவது உப்பளவைப் பார்த்துத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தால் பிரச்சினை வராது.

ஆனால் உங்கள் டேங்குக்கு நான் சொல்லப்போவது சுண்ணாம்பு நீர், ரீஃப் வட்டாரத்தில் ஜெர்மன் பெயரில் கால்க்வாசர். கால்சியம் ஹைட்ராக்சைடைத் தண்ணீரில் கரைத்து, ஆவியாகும் தண்ணீருக்குப் பதிலாகச் சொட்டு சொட்டாக விடுவது. கால்சியமும் ஆல்கலினிட்டியும் சரியான விகிதத்தில் ஒன்றாகவே போகும், ஒன்று ஏறி ஒன்று இறங்கும் பேச்சே இல்லை. உப்பும் மிஞ்சாது. அதோடு, நீங்கள் பஃபர் போட்டுத் தேடிய பிஎச் உயர்வு இதில் தானாக வரும், ஏனென்றால் இது தண்ணீரிலுள்ள கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துக்கொள்கிறது. நாளுக்கு 0.5 டிகேஎச் செலவுக்கு, ஆவியாகும் மூன்று லிட்டர் தண்ணீரில் 1.1 கிராம் போதும். ஒரு லிட்டர் தண்ணீர் அதிகபட்சம் ஒன்றரை கிராம் சொச்சத்தைத்தான் கரைக்கும், அதற்கு மேல் போட்டால் அடியில் தங்கும். பவளங்கள் பெருகி நாளுக்கு 2 டிகேஎச் கேட்கும்வரை இதுவே தாங்கும். அதைத் தாண்டினால் டூ-பார்ட்டைத் துணைக்குச் சேர்க்கலாம்.

மூடி போட்ட பாத்திரத்தில் வையுங்கள். திறந்திருந்தால் காற்று பட்டு மேலே மெல்லிய கண்ணாடித் தாள் போல ஆடை கட்டும், கரைந்த சரக்கு அந்த ஆடையாக வீணாகும். பொடியைக் கையாளும்போது கண்ணாடியும் கையுறையும் அவசியம். கரைசலின் பிஎச் 12-க்கு மேல், கண்ணில் பட்டால் விளையாட்டில்லை. விடுவது சொட்டாக இருக்கட்டும், முடிந்தால் இரவில், ஏனென்றால் விளக்கு அணைந்த பின்தான் பிஎச் இறங்கும்.

சொட்டாக என்று அழுத்திச் சொல்வதற்கு ஒரு கதை இருக்கிறது. என் பழைய டேங்கில், தண்ணீர் மட்டம் ஏறினால் பம்பை நிறுத்தும் மிதவை சுவிட்சின் மேல் ஒரு நத்தை போய் ஒட்டிக்கொண்டது. இரவு முழுக்க பம்பு நிற்கவே இல்லை, எட்டு லிட்டர் சுண்ணாம்பு நீரும் உள்ளே போய்விட்டது. காலையில் டேங்க் இருந்த இடத்தில் ஒரு பால் பெட்டி இருந்தது. மீன் எங்கே என்றே தெரியவில்லை. பதறிப்போய் எதையும் ஊற்றாமல், பம்பை நிறுத்தி, காற்றுக் கல்லைப் போட்டு, ஜன்னலைத் திறந்து உட்கார்ந்திருந்தேன். மாலைக்குள் தெளிந்தது. மூன்று நத்தையும் ஒரு இறாலும் போயின, பவளங்கள் பிழைத்தன. அன்றிலிருந்து சுண்ணாம்புப் பாத்திரத்தில் ஒரு நாள் தேவைக்கு மேல் நான் வைப்பதில்லை. எந்தக் கருவி பழுதானாலும் ஒரு நாள் சரக்குதான் உள்ளே போக முடியும்.

கால்சியம் ரியாக்டர் பற்றி உங்களுக்கு இப்போது யோசனை தேவையில்லை. கார்பன் டை ஆக்சைடு செலுத்திப் பவளத் துண்டுகளைக் கரைத்து விடும் கருவி அது. பெரிய டேங்க், நிறைய அக்ரோபோரா (கல் ஓடு கட்டும் ஒரு பவள வகை) என்று வந்தால் பார்க்கலாம். ஏற்கெனவே பிஎச் குறைவாக நிற்கும் டேங்கில் அது இன்னும் இறக்கும். வெறும் தண்ணீர் மாற்றமே போதாதா என்றும் கேட்பார்கள். சோவாந்திட், மஷ்ரூம், லெதர் போன்ற கல் ஓடு கட்டாத வகைகள் மட்டும் உள்ள டேங்கில் போதும். கல் ஓடு கட்டும் பவளம் இருந்தால் போதாது. 380-இல் நிற்கும் டேங்கில் 430 கால்சியம் உள்ள புதுத் தண்ணீரைப் பத்து சதவீதம் மாற்றினால் ஏறுவது 5 பிபிஎம்.

டெஸ்ட் கிட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 350 என்ற எண்ணே தப்பாக இருக்கவும் வாய்ப்பு உண்டு. பெரும்பாலான கால்சியம் கிட்டில் தண்ணீர் இளஞ்சிவப்பிலிருந்து நீலத்துக்கு மாறும் புள்ளியைத்தான் தேடுகிறோம். இடையில் ஊதா ஒன்று வரும், அதைக் கண்டதும் நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். அங்கே நிறுத்தினால் அளவு குறைவாக வரும். ஒவ்வொரு சொட்டுக்கும் நன்றாகச் சுழற்றி, அடுத்த சொட்டில் நிறம் மாறவில்லை என்று உறுதியாகும்வரை போங்கள். வெள்ளைக் காகிதத்தின் மேல் வைத்துப் பாருங்கள். நடுவில் தண்ணீர் கலங்கி வெள்ளைத் துகள் மிதந்தால் பயம் வேண்டாம், அது கிட்டின் காரத்தில் திரிந்த மக்னீசியம். சிரிஞ்சில் மருந்துக்கும் பிஸ்டனுக்கும் நடுவே காற்று இருந்தால் எப்போதும் பிஸ்டனின் ஒரே விளிம்பை வைத்தே படியுங்கள். புதிதாகக் கலக்கிய உப்புநீரையும் ஒருமுறை அளந்து வையுங்கள், அது பொட்டலத்தில் போட்ட எண்ணுக்குப் பக்கத்தில் வரவில்லை என்றால் பழியை டேங்க் மேல் போட வேண்டாம்.

420 வந்தபின் 450, 480 என்று ஏற்றும் ஆசை வரும். பவளம் அதனால் வேகமாக வளராது. 360-க்குக் கீழே போனால்தான் அதன் ஓடு கட்டும் வேகம் தடைபடும், அதற்கு மேல் நிலையாக இருப்பதுதான் அதற்குப் பிடிக்கும். ஆல்கலினிட்டி 8.2-இல் நின்றாலும் 9-இல் நின்றாலும் குறையில்லை, திங்கள் 8, வெள்ளி 10 என்று ஆடுவதுதான் அக்ரோபோராவின் நுனியை வெளுக்க வைக்கும்.

ஹீட்டரையும் பம்பையும் மின்சாரத்தைத் துண்டித்து, ஆறவிட்டு வெளியே எடுத்து, வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்ததில் ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். படிவு தானாக உதிரும், கத்தியால் சுரண்டி ஹீட்டர் கண்ணாடியைக் கீற வேண்டாம். இறுகிய மணலை மட்டும் அவசரப்பட்டு உடைக்காதீர்கள். ஒன்பது மாத அழுக்கு அதற்கு அடியில் அடைந்து கிடக்கும், ஒரே நாளில் கிளறினால் எல்லாம் தண்ணீரில் வந்துவிடும். வாரத்துக்கு ஒரு கையளவு, தண்ணீர் மாற்றும் நாளில், உறிஞ்சும் குழாயைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டே விரலால் நொறுக்குங்கள். பாறையோடு ஒட்டிப்போன கட்டிகள் இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள், சில மாதத்தில் அதன் மேல் ஊதாப் பாசி படர்ந்து அதுவும் பாறை மாதிரியே ஆகிவிடும்.